பல்வலியும் பண முடையும்

 



குடும்பத்தில் வரும் செலவுகள் இரண்டு வகை. ஒன்று, தேதி சொல்லிவிட்டு வருவது. வாடகை, பால் காசு, மளிகைப் பாக்கி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பெருநாள் துணிமணி எல்லாம் இந்த வகை. மற்றொன்று, கதவைத் தட்டாமல் நடுச்சாமத்தில் உள்ளே நுழைவது. பல்வலி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. காய்ச்சல் என்றால் தெருவே வந்து விசாரிக்கும். நெஞ்சுவலி என்றால் உறவெல்லாம் ஓடி வரும். பல்வலி என்றாலோ, "கிராம்பை வையுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் மருத்துவர் சொல்லும் தொகையைக் கேட்டால், வலித்த பல்லை மறந்து பையைத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நமக்கு நேர்ந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஷஃபான் மாதம். கீழ்த்தாடையில் கடைசிக் கடைவாய்ப்பல் பல மாதங்களாகவே சொத்தை. குளிர்ந்த நீர் பட்டால் கூசும், பிறகு அடங்கும். கிராம்புத் தைலம் வைத்தோம். உப்பு நீரில் கொப்பளித்தோம். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டோம். மருத்துவரிடம் போகவில்லை. கேட்டால், "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்போம். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. ஒரு வியாழக்கிழமை இரவு இஷாவுக்குப் பிறகு கன்னம் வீங்கத் தொடங்கிற்று. சுபுஹு நேரத்தில் வாயைத் திறக்க முடியவில்லை. அன்றைய ஜும்ஆவுக்கு மிம்பரில் ஏற வேண்டிய நாம், வேறொருவரை அனுப்பிவிட்டுப் பல் மருத்துவரின் வாசலில் போய் உட்கார்ந்தோம்.

வேரில் சீழ் கட்டியிருக்கிறது என்றார் மருத்துவர். "இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கிக் கழுத்துக்குப் பரவியிருக்கும். மூச்சே அடைபடக்கூடும். வலி மாத்திரை வலியைத்தான் மறைக்கும், நோயை ஆற்றாது" என்று கண்டித்தார். சீழை வெளியேற்ற வேண்டும், ரூட் கெனால் செய்ய வேண்டும், பிறகு மேலே உறை போட வேண்டும். எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். முதலில் 3,500 கட்ட வேண்டும் என்றார். நம் பையில் இருந்தது 900.

வீடு திரும்பினோம். நம் வீட்டிலுள்ளவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், கைக்குட்டையில் முடிந்த ஒரு சங்கிலியைக் கொண்டு வந்து வைத்தார். "இதை அடகு வச்சிட்டு வாங்க. மூணு மாசத்துல திருப்பிக்கலாம்" என்றார்.

அடகுக் கடை என்றால் வட்டி. அதற்கு ஆறு மாதம் முன்னர்தான் வட்டியின் கேட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பயான் செய்திருந்தோம். அன்று பேசுவது எளிதாக இருந்தது. அன்று நமக்குப் பல் வலிக்கவில்லை.

சங்கிலியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரரிடம் போனோம். ஜகாத்தைப் பற்றியும், கடன் கொடுப்பதன் சிறப்பைப் பற்றியும் பிறருக்காக நூறு முறை பேசிய நாவு, தனக்காகக் கேட்கும்போது தடுமாறிற்று. அவர் உடனே பணத்தை எண்ணி வைத்தார். அத்துடன் நில்லாமல் கணக்கு நோட்டை எடுத்தார். தொகையை எழுதினார். தேதியை எழுதினார். "எப்போ தருவீங்க ஹளரத்?" என்று கேட்டு அதையும் எழுதினார். கடையில் நின்ற இருவரைச் சாட்சிக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

நம் முகம் சுருங்கிவிட்டது. 'பள்ளிவாசல் இமாமை நம்பவில்லையா?' என்று உள்ளம் கேட்டது. அவர் அதைக் கண்டுகொண்டார் போலும். "தப்பா நினைக்காதீங்க ஹளரத். பகரா சூராவுல கடனை எழுதிக்கச் சொல்ற ஆயத்துக்கு நீங்கதானே விளக்கம் சொன்னீங்க? அன்னையிலேர்ந்து எழுதாம நான் யாருக்கும் கொடுக்கிறதில்லே" என்றார்.

சொன்ன நாம் மறந்திருந்தோம். கேட்ட அவர் நினைவில் வைத்திருந்தார். அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததே இந்தக் கட்டுரை.

பல்லின் விலை என்ன?

அருமைச் சகோதரர்களே! பல் என்றால் நமக்கு அலட்சியம். நம் மார்க்கத்தில் அதற்குள்ள மதிப்பைப் பாருங்கள். ஒருவர் பிறருடைய பல்லைத் தவறுதலாக உடைத்துவிட்டால், ஒரு பல்லுக்கு 5 ஒட்டகங்கள் நஷ்டஈடு என்று ஹதீஸில் வந்திருக்கிறது. ஓர் உயிருக்கு நஷ்டஈடு 100 ஒட்டகங்கள். அப்படியானால் ஒரு பல், உயிரின் ஈட்டில் இருபதில் ஒரு பங்கு! பிறர் உடைத்தால் ஐந்து ஒட்டகம் கேட்க உரிமையுள்ள ஒரு பொருளை, நம் சோம்பலால் நாமே அழித்துக்கொண்டால் மறுமையில் யாரிடம் போய் நஷ்டஈடு கேட்பது? உடம்பு அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்துக்குக் கணக்கு உண்டு.

உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதைக் கட்டாயமாக்கியிருப்போம் என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். நாமோ மிஸ்வாக்கைச் சட்டைப் பையில் அழகுக்குச் செருகிக்கொள்கிறோம். பல்லில் படுவது அபூர்வம். மிஸ்வாக் குச்சியோ, தூரிகையோ, இரவு படுக்குமுன் ஒருமுறை பல்லைத் துலக்கிவிட்டுப் படுப்பவருக்கு இந்தத் திடீர்ச் செலவில் பாதி குறையும். பல்லில் சிறு துளை விழுந்த உடனே அடைத்துக்கொண்டால் சில நூறு ரூபாயோடு போகும். நரம்பு வரை போனபின் சில ஆயிரமாகிறது. இதை நாம் நூலில் படித்துச் சொல்லவில்லை; நம் காசைக் கொடுத்துப் படித்துச் சொல்கிறோம்.

நோய் வருவது குற்றமல்ல. ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு உஹத் போரில் நம் நாயகம் (ஸல்) அவர்களின் முபாரக்கான பல் உடைந்தது. திருமுகத்தில் இரத்தம் வழிந்தது. அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் நீர் மொண்டு வர, அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்கள் காயத்தைக் கழுவினார்கள். நீர் ஊற்ற ஊற்ற இரத்தம் மிகுவதைக் கண்டு, ஒரு பாய்த்துண்டை எரித்துச் சாம்பலைக் காயத்தில் வைத்து அடைத்தார்கள், இரத்தம் நின்றது. அதே போரில் நாயகத்தின் கன்னத்தில் பதிந்த இரும்பு வளையங்களை அபூ உபைதா (ரலி) அவர்கள் தம் பல்லால் கடித்து இழுத்தார்கள். அதில் தம் முன்பற்களை இழந்தார்கள். நபி நேசத்தில் பல்லை இழந்தவர்கள் அவர்கள். சோம்பலில் பல்லை இழப்பவர்கள் நாம்.

மருத்துவக் கூலி மார்க்கத்துக்கு மாறானதா?

சிலர், "எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி மருத்துவத்தைத் தட்டிக்கழிப்பார்கள். இது தவக்குல் அல்ல. மருத்துவம் செய்துகொள்ளுங்கள், மூப்பைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்பது நபிகளாரின் போதனை. நம் கரங்களாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாமென்று அல்லாஹ் பகரா சூராவின் 195-ஆம் வசனத்தில் எச்சரிப்பதையும் மறக்கலாகாது.

வேறு சிலருக்கு மருத்துவர் கேட்கும் கூலிதான் எரிச்சல். "ஒரு பல்லுக்கா இவ்வளவு?" என்பார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டபோது, குத்தி எடுத்த அபூதைபா (ரலி) அவர்களுக்குத் தானியம் கூலியாகக் கொடுக்கச் செய்தார்கள். அவர் அடிமையாக இருந்ததால், அவர் தம் எஜமானர்களுக்குக் கட்ட வேண்டிய தொகையைக் குறைக்கும்படி அவர்களிடம் பரிந்தும் பேசினார்கள். ஆகவே வைத்தியம் செய்தவருக்கு முகம் மலர்ந்து கூலி கொடுப்பது ஸுன்னத்து. சிகிச்சைக்கு முன் "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுத் தெளிந்துகொள்வதும் மார்க்கம் விரும்பும் ஒழுங்குதான். கூலி இன்னதென்று தெரிந்திருந்தால் பின்னர் சண்டைக்கு இடமில்லை.

யாருடைய செலவு? யாருடைய நகை?

மனைவியின் மருத்துவச் செலவு, கணவன் மீது கடமையான செலவில் சேராது என்று பழைய ஃபிக்ஹு நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு, "உன் பல்லுக்கு உன் வாப்பாவிடம் கேள்" என்று சொன்ன ஒருவரை நாம் அறிவோம். சகோதரர்களே! உணவைப் போல் மருந்தும் அன்றாடத் தேவையாகிவிட்ட இக்காலத்தில் அது கணவனின் கடமையே என்று வஹ்பா ஸுஹைலீ (ரஹ்) போன்ற இக்கால அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மனைவியிடம் நல்ல முறையில் நடந்துகொள்ளுங்கள் என்பது நிஸா சூராவின் கட்டளை. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நிற்க, நாம் உட்கார்ந்து உண்பது எந்த வகையில் நல்ல முறை?

நகையைப் பற்றியும் ஒரு சொல். மனைவிக்கு மஹராகவும் சீராகவும் வந்த நகை அவளுடைய சொத்து. அவள் மனமுவந்து கொடுத்தாலன்றி அதில் கை வைக்கக் கணவனுக்கு உரிமை இல்லை. கடனாகத் தந்தால், அவளுக்கும் அது திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனே. "நம் வீட்டுக்குள்தானே" என்று மறந்துவிட முடியாது.

பணத்துக்கு எங்கே போவது?

இனி நெருக்கடி வந்துவிட்டால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவதாக, செலவைக் குறைக்க வழி தேடுங்கள். அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும், ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை செய்கிறார்கள். வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை போக வேண்டும். அது கௌரவக் குறைவல்ல. வட்டிக்கு வாங்கிக் கௌரவம் காப்பதே குறைவு.

இரண்டாவதாக, மருத்துவரிடமே பேசுங்கள். வீக்கத்தையும் வலியையும் இன்று அடக்கிவிட்டு, உறை போடுவது போன்றவற்றைச் சில வாரம் கழித்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். தவணையில் வாங்கிக்கொள்கிற மருத்துவர்கள் உண்டு. மொத்தத் தொகையை முதலிலேயே தீர்மானித்துத் தவணையில் கட்டுவது ஆகும். தவணை தவறினால் கூடுதல் பணம் என்று நிபந்தனை இருந்தால் அது வட்டியின் வாசல். "வட்டியே இல்லை" என்று அட்டைக்காரர்களும் கடன் நிறுவனங்களும் விளம்பரப்படுத்தும் மாதத் தவணைத் திட்டங்களில் கையெழுத்திடுமுன் இந்த ஓர் இடத்தைப் படித்துப் பாருங்கள்.

மூன்றாவதாக, வட்டியில்லாக் கடன் கேளுங்கள். உறவினர், நண்பர், பைத்துல்மால் என்று கேட்கலாம். வட்டியில்லாமல் நகைக் கடன் கொடுக்கும் ஜமாஅத்துகள் நம் பகுதிகளில் இருக்கின்றன. தேவைக்குக் கேட்பது இழிவல்ல.

நான்காவதாக, எதுவும் கைகூடவில்லையென்றால், உரியவரின் மனச்சம்மதத்தோடு ஒரு நகையை விற்றுவிடுங்கள். விற்றால் நகை போய்விடும் என்பது உண்மை. ஆனால் வியாபாரம் ஹலால், வட்டி ஹராம். வட்டியை விடாதவர்கள் அல்லாஹ்வோடும் ரஸூலோடும் போர் தொடுக்கிறார்கள் என்று குர்ஆன் கூறுவதை நினைத்துப் பார்த்தால், ஒரு கிராம் தங்கம் பெரிதாகத் தோன்றாது. இத்தனை வழிகள் திறந்திருக்கும்போது, "நிர்ப்பந்தம், அதனால் ஆகும்" என்று நமக்கு நாமே ஃபத்வா கொடுத்துக்கொள்ளக் கூடாது.

வாங்கியவரும் கொடுத்தவரும்

கடன் வாங்கியவர் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுவது நம்பிக்கைக் குறைவல்ல. நட்பைக் காக்கும் வேலி. குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கடனை எழுதிக்கொள்வதைப் பற்றிய பகரா சூராவின் 282-ஆம் வசனம்தான்.

தவணை நாள் வருமுன்பே போய் நிற்க வேண்டும். நமக்கும் மூன்றாவது தவணையில் முடியாமல் போயிற்று. ஒளிந்து வேறு தெரு வழியாகப் போகலாமா என்று ஷைத்தான் ஆசை காட்டினான். இரண்டு நாள் முன்னதாகவே அந்தச் சகோதரரிடம் போய், "இம்மாதம் முடியவில்லை" என்றோம். "அடுத்த மாசம் கொடுங்க ஹளரத்" என்று சொல்லி நோட்டில் தேதியை மாற்றிக்கொண்டார். கடன் முடிந்த அன்று நம் முன்னாலேயே அந்த வரியை அடித்தார். அன்று இரவு உறங்கிய உறக்கம், பல்வலி நின்ற அன்றும் நாம் உறங்கியதில்லை.

கடனோடு மரணித்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கியபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் அதைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழ வைத்தார்கள் என்பதை வாங்கியவர் மறக்கலாகாது. வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் அன்னாரின் தீர்ப்பு.

கொடுத்தவரும், கடனாளி கஷ்டத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்க வேண்டும். தள்ளுபடி செய்துவிட்டால் அதைவிட மேல் என்று அதே சூராவின் 280-ஆம் வசனம் வழிகாட்டுகிறது. ஒரு முஃமினின் உலகக் கஷ்டத்தை நீக்கியவருக்கு மறுமைக் கஷ்டம் ஒன்றை அல்லாஹ் நீக்குவான் என்ற நற்செய்தியும் அவருக்கு உண்டு.

மஹல்லாவின் பங்கு

திடீர்ச் செலவில் அகப்பட்டுத் தவிப்பவர்களில் பலர் ஜகாத் வாங்கத் தகுதியில்லாதவர்கள். ஹனஃபி மத்ஹபின்படி, தேவைக்கு மேல் ஏழரை தோலா தங்கமோ ஐம்பத்திரண்டரை தோலா வெள்ளியின் மதிப்போ உடையவருக்கு ஜகாத் கொடுக்க முடியாது. நகை இருக்கிறது, ஆனால் கையில் காசில்லை. ஏழை என்று சொல்லவும் முடியாது, பணக்காரர் என்று சொல்லவும் முடியாது. இப்படிப்பட்ட நடுத்தரக் குடும்பங்களைத்தான் அடகுக் கடை விழுங்குகிறது. இவர்களுக்கு வேண்டியது தர்மமல்ல, அழகிய கடன்.

நம் அனுபவத்தை ஒரு ஜும்ஆவில் சொன்னோம். முத்தவல்லி முன்னின்றார். 15 பேர் தலைக்கு 2,000 ரூபாய் போட்டு, 30,000 ரூபாயில் ஒரு கைமாற்று நிதி தொடங்கினோம். ஒருவருக்கு 5,000-க்கு மேல் இல்லை. பத்து மாதத் தவணை. எழுத்தும் சாட்சியும் கட்டாயம். ஒரு காசு கூடுதல் கிடையாது. ஜகாத் பணத்தை இதில் சேர்க்கவில்லை. ஜகாத் ஏழைக்கு உரிமையாக்கிக் கொடுக்க வேண்டியது. சுழலும் கடனுக்கு உரியதல்ல. ஏழையின் பல்லுக்கு ஜகாத் கொடுப்பதானால் அவர் கையிலேயே கொடுங்கள். அல்லது அவருடைய அனுமதி பெற்று அவருக்காக மருத்துவரிடம் கட்டுங்கள்.

இதுவரை 11 குடும்பங்கள் பயனடைந்திருக்கின்றன. பல், மூக்குக் கண்ணாடி, பிரசவம் என்று பல தேவைகள். ஒரு விதவைச் சகோதரியால் கட்ட முடியவில்லை. பணம் போட்டவர்கள் எல்லோரும் சம்மதித்துத் தள்ளுபடி செய்தார்கள். வசதியுள்ள ஒருவர் இன்னும் இழுத்தடிக்கிறார். அவருக்காகத் துஆச் செய்கிறோம், வாசலுக்கும் போகிறோம். நிதி நின்றுவிடவில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் இப்படி ஒன்றைத் தொடங்க 15 பேர் கிடைக்க மாட்டார்களா?

சில மஸ்அலாக்கள்

நோன்புடன் பல் பிடுங்கினால், மரத்துப்போக ஈறில் ஊசி போடுவதால் மட்டும் நோன்பு முறியாது. இரத்தமோ மருந்தோ தொண்டைக்குள் இறங்கினால் முறியும். ஆகவே முடிந்தால் இரவுக்குத் தள்ளிவைக்கலாம். தாங்க முடியாத வேதனையானால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய நோயாளிக்குச் சலுகை உண்டு. பல்லில் இரத்தம் கசிந்து உமிழ்நீரை மிகைத்தால் ஹனஃபி மத்ஹபில் உளு முறியும். ஷாஃபியீ மத்ஹபில் முறியாது, ஆயினும் வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும். சொத்தையை அடைத்த அடைப்பும், நிலையாக ஒட்டிய உறையும் கடமையான குளிப்புக்குத் தடையல்ல. கழற்றி மாட்டும் பல்செட்டைக் கழற்றிவிட்டுக் கொப்பளிக்க வேண்டும்.

அன்புச் சகோதரர்களே! இன்று இரவு பல் துலக்கிவிட்டுப் படுங்கள். வீட்டிலுள்ளவர் கன்னத்தில் கை வைத்தால், "எத்தனை நாளாக?" என்று கேளுங்கள். மாதந்தோறும் திடீர்ச் செலவுக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். தெருவில் யாரேனும் கடன் கேட்டு நம் வாசலில் தடுமாறி நின்றால், அவர் எத்தனை முறை வெட்கத்தை விழுங்கிக்கொண்டு வந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். கொடுங்கள், எழுதிக்கொண்டு கொடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உடம்பிலும் பொருளிலும் ஆஃபியத்தைத் தருவாயாக! வட்டியின் வாசலை எங்களுக்கு அடைத்து, ஹலாலின் வாசலைத் திறந்து வைப்பாயாக! கடனின் சுமையைவிட்டும் எங்களைக் காப்பாயாக! கொடுக்கும் கையையும் திருப்பிக் கொடுக்கும் மனத்தையும் எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.